அழுகை வராதவர்கள்

என் கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அறந்தாங்கியில் ஒரு பெண்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் வயதானவர்களையும் மாணவிகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள் என்று ஆவுடையார்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் டீச்சர் சொன்னார். அவருக்கு அங்கேதான் வேலை.

"வீட்லயே அடைஞ்சு கெடக்காதீங்கக்கா, வாங்க" என்று கூடவே பஸ்ஸில் அழைத்துப் போனார். மறுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எதுவுமே தோன்றவில்லை. டிவியைப் போடுவேன், அணைப்பேன்.

எனக்கு ஒதுக்கிய பெண் பிளஸ் ஒன் படித்தாள். தலையில் வெள்ளை முக்காடு. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள், என்ன சாப்பாடு பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்டாள். நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். மற்ற பெஞ்சுகளில் சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. எங்களுக்கு மேலே ஃபேன் ஓடும் சத்தம்தான்.

சில வாரங்கள் இப்படியே போயின. ஒரு சனிக்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை. பென்சிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"எங்க அத்தா சவுதியிலேருந்து ஒரேயடியா வந்துட்டாங்க பெரியம்மா."

"அப்பா வந்தா நல்லதுதானே."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஏர்போர்ட்ல அம்மா அழுதாங்க, தம்பி அழுதான். எனக்கு ஒண்ணுமே வரலை. வீட்ல யாரோ விருந்தாளி தங்கியிருக்குற மாதிரி இருக்கு. தண்ணி கேட்டா குடுக்குறேன், அவ்வளவுதான். நான் கெட்ட புள்ளையா?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாயில் வந்தது வேறு.

"எங்க வீட்டுக்காரரு போனதுக்கு நான் இன்னும் அழுகலைம்மா. அழுகை வரலை."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்தபோது முந்தானையால் கண்ணை மூடிச் சமாளித்திருந்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"இனிமே வருமா?"

"தெரியலைம்மா."

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். "அத்தா எனக்குப் பிடிக்கும்னு பால்கோவா வாங்கிட்டு வந்தாங்க. எனக்கு இப்ப அது பிடிக்காது, அவங்களுக்குத் தெரியலை. சாப்பிட்டுட்டேன்" என்பாள். என் கணவருடைய சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டேன், அப்போதும் மனசுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்வேன். இருவரும் ஒருவரையொருவர் தேற்ற முயலவில்லை.

பரீட்சை நெருங்கியதும் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். கடைசி நாளில் எங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவளைக் கூட்டிப்போக அவளுடைய அத்தா பைக்கில் வந்திருந்தார். ஒல்லியான மனிதர்.

"ஒங்களப் பத்தித்தான் வீட்ல பேசுது. எங்கிட்ட அவ்வளவா பேசாது" என்று சிரிக்கப் பார்த்தார்.

"பேசும். கொஞ்ச நாள் போகட்டுங்க" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. அவள் புத்தகப் பையை நடுவில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

எனக்கு அன்றும் அழுகை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை நல்ல சேலை கட்டி, செருப்பை மாட்டி, கதவைப் பூட்டிய பிறகுதான் இனி போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாவியைக் கையில் வைத்தபடி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.