ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூ

ஐப்பசி மாசம், மழை விடாம ஊத்திட்டிருந்த ஒரு ஞாயித்துக்கிழமை, குளிக்கறப்போ என் இடது மாருல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டுச்சுங்க. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். அமுக்கிப் பார்த்தேன், வலிக்கலே. வெந்நி ஆறிப்போற வரைக்கும் அப்படியே நின்னுட்டிருந்தேன்.

என் பேரு துளசிமணி. மலையில அரவேணு பக்கத்துல ஒரு தேயிலை எஸ்டேட்டுல இருபது வருசமாக் கொழுந்து பறிக்கிறேன். நாள் பூரா செடிக்குள்ள புகுந்து புகுந்து நடக்கறவங்களுக்குக் கவாத்து வெட்டுன குச்சி மாருல குத்தறது, கையைக் கீறுறது எல்லாம் சகஜம். அதனால இதுவும் குச்சி குத்துன வீக்கம்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டேன். வலிச்சாத்தானே சீக்கு, இது வலிக்கவே இல்லையேன்னு தெகிரியமா இருந்தேன். தெகிரியம் என்ன தெகிரியம், ராத்திரி பூரா கை அங்கயே போகும்.

ஏன்னா எங்க சின்னம்மா இந்தச் சீக்குலதான் போனாங்க. மாருல புண்ணாகிக்கூட யாருகிட்டயும் காட்டலே. துணியை மடிச்சு வெச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலைக்கு வந்தாங்க. கடைசியில அவங்க ஊட்டுக்குள்ள போனா மூக்கைப் பொத்தணும். அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கலே. நானும் அப்படித்தான் சாகப்போறேன்னு நெனைச்சுட்டேன்.

எங்க ஊட்டுக்காரர் மயில்சாமி டீ பேக்டரியில வேலை பாக்கறாரு. பத்துப் போட்டதைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டாரு. சொன்னேன். மனுசன் பதறிப்போயி, "கெளம்பு, நாளைக்கே லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்"னாரு. எனக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனா சீக்குக்குப் பேரு வெச்சுருவாங்க. பேரு வெச்சுட்டா அப்புறம் அது போகாதுன்னு ஒரு கிறுக்கு எண்ணம். "ஏனுங்க, மொதல்ல அம்மன்கிட்டப் பூ கேட்டுரலாம். அவ போகச் சொன்னாப் போலாம்"னு சொன்னேன். அவரு பக்திமான். சரின்னுட்டாரு.

பூ கேக்கறது அம்மனைக் கும்பிடற உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல சிவப்புப் பூ. ரெண்டையும் அம்மன் காலடியில வெச்சுக் கும்பிட்டு, பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிப்பாரு. வெள்ளை வந்தா கட்டி தானாக் கரைஞ்சுரும், சிவப்பு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்படித்தான் நேந்துக்கிட்டோம்.

பொட்டலம் கட்டுனது நானுங்க. வெள்ளைச் சாமந்தியை மொதப் பொட்டலத்துல வெச்சேன். சிவப்பு ரோசாவைக் கையில எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்னுருச்சு. ரோசாவை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, ரெண்டாவது பொட்டலத்துலயும் வெள்ளைச் சாமந்தியவே வெச்சுக் கட்டிட்டேன்.

பூசாரி ஒண்ணைப் பிரிச்சாரு. வெள்ளை. "அம்மா நல்ல வாக்குக் குடுத்துட்டா அம்மணி, பயப்படாமப் போ"ன்னு விபூதி பூசுனாரு. எங்க ஊட்டுக்காரர் கன்னத்துல போட்டுக்கிட்டு அழுதாரு. அவரு அழுததைப் பார்த்து நானும் அழுதேன். இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிக்கறதுக்கு முன்னாடி லபக்குன்னு எடுத்து ஒளிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் பட்டது இருக்கே, பகையாளிக்குக்கூட வரக்கூடாது. அவரு தெனமும் "கரையுதா புள்ள?"ம்பாரு. "ஆமாங்க, கொஞ்சம் கொறைஞ்சிருக்கு"ம்பேன். அது நெல்லிக்காய் அளவு ஆயிருச்சு. மேல்தோலு சாத்துக்குடித் தோலாட்டம் குழிகுழியா வந்துச்சு. காம்பு உள்ள இழுத்துக்குச்சு. கண்ணாடி பாக்கறதை விட்டேன். கொழுந்து கிள்ளுற வெரலு தானா நின்னு போகும். "என்னடி செடியைப் பார்த்துக் கனாக் காணறே?"ன்னு பக்கத்துல நிக்கறவங்க கேலி பண்ணுவாங்க, நானும் சிரிப்பேன். கோயிலுக்குப் போனாலும் அம்மன் மொகத்தைப் பாக்க முடியலே. யாருகிட்ட வேண்டறது? வேண்ட வேண்டியவளையே ஏமாத்தியாச்சே!

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத்தோட வேலை முடிஞ்சுது. கோயில்ல ஒருத்தரும் இல்லே. நான் நேரா சன்னதி முன்னாடி போயி விழுந்தேன். "ஆத்தா, நான் உன்னை ஏமாத்திட்டேன். சாவுக்குப் பயந்து ரெண்டுலயும் வெள்ளையை வெச்சுட்டேன். கட்டி கரையணும்னு இனிமே உன்கிட்டக் கேக்கமாட்டேன். இதை அவருகிட்டச் சொல்ற வாயை மட்டும் எனக்குக் குடு"ன்னு கதறுனேன். எத்தனை நேரம்னு தெரியாது.

எந்திரிச்சு வெளிய வந்தா, படிக்கட்டுக்குக் கீழ எங்க ஏரியா நர்சம்மா நிக்கறாங்க. "ஏம்மா துளசி, நம்ம எஸ்டேட் டிஸ்பென்சரியில இன்னைக்குப் பொம்பளைங்களுக்கு மார்புப் பரிசோதனை நடக்குது. உன்னைக் காணலேன்னுதான் தேடி வந்தேன், வா"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. தற்செயல்னு சொல்றவங்க சொல்லட்டும். எனக்குத் தெரியும் யாரு அனுப்புனான்னு.

பரிசோதனை பண்ணுன டாக்டரம்மா தொட்டுப் பார்த்துட்டுப் பேனாவை எடுத்தாங்க. கடுதாசி எழுதிக் குடுத்து, உடனே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. அதை எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வந்து அவருகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அடிப்பாருன்னு நெனைச்சேன். அவரு கட்டில்ல உக்காந்துட்டாரு. "ரெண்டுலயும் வெள்ளையா?"ன்னாரு. ஆமான்னேன். "நான் கட்டியிருந்தாலும் அப்படித்தான் புள்ள வெச்சிருப்பேன்"னு சொல்லிட்டு, எந்திரிச்சு என் துணிமணியைப் பையில எடுத்து வெச்சாரு.

மேட்டுப்பாளையம் எறங்குற வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு வாந்தி வந்துச்சு. கோயமுத்தூர்ல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தாங்க. புத்துநோய்தான். "எத்தனை நாளா இருக்கு?"ன்னு டாக்டர் கேட்டாரு. மூணு மாசம்னேன். "வலியில்லேன்னு விட்டுட்டீங்களா?"ன்னாரு. "வலியில்லாத கட்டியைத்தான் மொதல்ல காட்டணும்மா. அன்னைக்கே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்"னாரு.

ஒரு மாரை முழுசா எடுத்துட்டாங்க. மருந்து ஏத்துனாங்க, முடி பூரா கொட்டிருச்சு. கரண்டு வெச்சாங்க, அதுதாங்க கதிர்வீச்சு. ஒவ்வொரு தடவையும் பயம், ஒவ்வொரு தடவையும் "ஆத்தா, ஆத்தா"ன்னுதான் படுத்தேன். நாலு வருசம் ஓடிருச்சு. இன்னைக்கு மறுபடியும் கூடையைக் கட்டிக்கிட்டு மலையேறுறேன். என் கட்டியை அம்மன் கரைக்கலே. என் பொய்யைக் கரைச்சா. அந்தப் பொய்யோட இருந்திருந்தா நான் சின்னம்மா மாதிரியே செத்திருப்பேன்.

பூசாரிகிட்டயும் போயிச் சொன்னேன். அவரு கோவிச்சுக்கலே. அதுல இருந்து சீக்குக்குன்னு யாராச்சும் பூ கேக்க வந்தா, "ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டா, அதை அம்மன் காலடியில வெச்சுத் தர்றேன்"ங்கறாரு. கொழுந்து எடை போடுற எடத்துல பொம்பளைங்க நிக்கறப்போ, மாசம் ஒருக்கா எப்படித் தடவிப் பாக்கறதுன்னு நான் சொல்லிக் குடுக்கறேன். மொதல்ல வெக்கப்பட்டுச் சிரிச்சாளுங்க. இப்போ அவங்களே வந்து கேக்கறாங்க. கட்டி இருக்குன்னு சொன்ன ரெண்டு பேரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒருத்திக்கு வெறும் கொழுப்புக் கட்டி. இன்னொருத்திக்கு அதுதான், ஆனா நேரத்தோட பார்த்ததால மாரு தப்பிச்சுது.

அம்மனோட பிள்ளைகளே, என்னைத் தெகிரியசாலின்னு சொல்லாதீங்க. வர்ற செவ்வாக்கெழமை எனக்கு மறுபடியும் செக்கப். இப்பவே பயத்துல சோறு எறங்கலே. ஆனாலும் போவேன். பயம் போனதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு யாரும் காத்திருக்காதீங்க. அது போகாதுங்க. கையில கட்டி தட்டுப்பட்டா, அழுதுக்கிட்டே வேணாலும், நடுங்கிக்கிட்டே வேணாலும் மொத பஸ்ஸுக்கு வந்து நில்லுங்க. துணைக்கு ஆள் இல்லேன்னா என்னைக் கூப்புடுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கும். ரெண்டு பேரும் அம்மன் கையைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துரலாம்.