ஜெயசீலனின் கடைசிப் பத்து நிமிடம்

ஜெயசீலன் முப்பத்தொன்பதாவது வயதில் கல்லூரி வகுப்புக்குள் நுழைந்தபோது, பேராசிரியர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவரும் உட்காரும்படி கையை அசைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தார். அன்றோடு அந்த மரியாதை தீர்ந்தது. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அவர் ‘காகா’, மராத்தியில் சித்தப்பா.

பிளஸ் டூ முடித்த கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பூனாவுக்கு வந்தவர். சிஞ்ச்வடில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் லேத் ஓட்டினார். 2002இல் கம்ப்யூட்டர் லேத்துகள் வந்தன; இவர்களுக்கு விருப்ப ஓய்வு வந்தது. விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கூட இருந்தவர்கள் ஆட்டோ வாங்கினார்கள், வடா பாவ் கடை போட்டார்கள். ஜெயசீலன் மட்டும் ஆய்வுக்கூட டெக்னீஷியன் படிக்கப் போவதாகச் சொன்னார்.

மருத்துவத் துறைதான் இனி வளரும் என்பது அவர் வெளியில் சொன்ன காரணம். உண்மைக் காரணம் ஒரு நாற்காலி. வேலையை விட்டு வரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில், ரத்தம் எடுத்தவன் வெள்ளைக் கோட்டோடு, மின்விசிறிக்குக் கீழே, சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருபது வருடம் நின்றே வேலை பார்த்தவருக்கு அது கண்ணிலேயே நின்றது.

ஓய்வுப் பணம் வீட்டுக் கடனை அடைப்பதற்கே சரியாக இருந்ததால், படிப்புக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்டார். படிவத்தை வாங்கிய பெண், மாணவரையும் அழைத்து வரச் சொன்னாள். தானே அந்த மாணவர் என்று சொல்ல அவருக்கு இரண்டு முறை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. கசார்வாடியில் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த மனைவி ஸ்டெல்லாதான் ஜாமீன். முதல் வருடம் தேறினால்தான் இரண்டாம் வருடக் கட்டணத்தைத் தருவோம் என்றது வங்கி. அது வராவிட்டால் நாற்காலியும் இல்லை, லேத்தும் இல்லை.

செய்முறை வகுப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. தலைமுடி கனத்தில் இரும்பைச் சீவிய கைக்கு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாக இழுப்பது விளையாட்டு. ஆங்கிலப் பாடப்புத்தகம்தான் விளையாடவில்லை. வாகட் பகுதியிலிருந்து வரும் சுப்ரஜா என்ற வகுப்புத்தோழி பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் விளக்கிச் சொல்வாள். அவர் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்துப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் உருப்போட்டார்.

ஏப்ரலில் பரீட்சை. உயிர்வேதியியல் தாளில் கடைசிக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். சர்க்கரை நோய்ச் சோதனை. அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது அதுதான். நிதானமாக எழுதலாம் என்று கடைசிக்கு வைத்திருந்தார். தலைப்பை எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டார். அப்போது, இன்னும் பத்து நிமிடம் என்ற எச்சரிக்கை மணி அடித்தது.

தொழிற்சாலையில் ஷிப்டு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சங்கு ஊதும். மிஷினை நிறுத்தி, இரும்புத் தூளைக் கூட்டி, துணியால் துடைத்து, கை கழுவ வேண்டும். அதற்குப் பிறகும் மிஷினைத் தொட்டால் அடுத்த ஷிப்டுக்காரன் சும்மா விடமாட்டான். இருபது வருடப் பழக்கம். ஜெயசீலன் பேனாவை மூடினார். மேசையைக் கைக்குட்டையால் துடைத்தார். தாள்களை நூலால் கட்டிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். வெளியே வந்து குழாயடியில் கை கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

ஓடிப்போய்க் கேட்டார். கொடுத்த தாள் கொடுத்ததுதான் என்றுவிட்டார் கண்காணிப்பாளர்.

கடைசி மணி அடித்ததும் சுப்ரஜா வெளியே வந்தாள். “காகா, எப்படி டென் மினிட்ஸ் முன்னாலயே முடிச்சீங்க? நாங்க எல்லாம் பைத்தியம் மாதிரி எழுதிட்டு இருந்தோம்.”

“ம்” என்றார் ஜெயசீலன்.

தாளைக் கொடுத்தது கை செய்த தப்பு. இந்த ‘ம்’ அவரே செய்தது. காகா பத்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டார் என்ற பேச்சு வகுப்பைச் சுற்றி வீடு வரைக்கும் வந்தது. ஸ்டெல்லா அதை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஜெபக்கூட்டத்தில் சொன்னார். ஒருவர் தம் மகனுக்கு யோசனை கேட்டு வந்தார். நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுத வேண்டும் என்று ஜெயசீலன் சொல்லி அனுப்பினார்.

ஜூனில் முடிவு வந்தது. மற்றவற்றில் தேறிவிட்டார். உயிர்வேதியியலில் நாற்பது வேண்டும், வாங்கியது முப்பத்தாறு. தவறிய தாளை அக்டோபரில் எழுதிக்கொண்டே இரண்டாம் வருடம் படிக்கலாம் என்றது கல்லூரி. வங்கியும் ஒரு படி இறங்கி, ஜாமீன் போட்டவர் நேரில் வந்து மறுபடி கையெழுத்திட்டால்தான் பணம் என்றது. ஜெயசீலன் வீட்டில் ஒரு நாள் பாடத்திட்டத்தைத் திட்டினார், மறுநாள் திருத்தியவரைத் திட்டினார். மூன்றாம் நாள் இருவரும் வங்கிக்குப் போனார்கள்.

எப்படித் தவறியது என்று அதிகாரி இந்தியில் கேட்டார். ஸ்டெல்லாவும் திரும்பிப் பார்த்தார். இனி ஒளிக்க இடமில்லாமல், சங்கு, கைக்குட்டை, குழாய் எல்லாவற்றையும் ஜெயசீலன் சொல்லி முடித்தார். அதிகாரி கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“கையும் கழுவுனியளாக்கும்?”

“கழுவுனேன்.”

“சோப்பு போட்டா?”

“அங்க சோப்பு இல்ல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீதான் ஜெபக்கூட்டத்துல சொல்லிட்டியே.”

ஸ்டெல்லா பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை. “அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதிலு? இப்பச் சொல்லுங்க.”

வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஜெயசீலன் சொன்னார். முந்தின இரவிலிருந்து பட்டினி, காலையில் முதல் ரத்தம், பிறகு குளுக்கோஸ் தண்ணீர், அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம், எந்த அளவுக்கு மேல் போனால் நோய். நடுவில் ஓர் எண் தடுமாறியது, திருத்திக்கொண்டார். அவர் முடிக்கிறவரை அதிகாரியும் காத்திருந்தார்.

“தெரிஞ்சுதான் வச்சிருக்கிய” என்று ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டார். “அக்டோபர்ல நானும் வாரேன்.”

வந்தார். பட்டறையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகளின் அம்மாக்களோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜெயசீலன் கண்காணிப்பாளர் தாளைப் பிடித்து இழுக்கிறவரை எழுதினார்; அந்த முறை அறுபத்தொன்று. பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கியதும், பக்கத்தில் இருந்த பெண் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டியபடி, உங்கள் பிள்ளை எது என்று மராத்தியில் விசாரித்தார். எல்லோருக்கும் பின்னால், வழுக்கையும் கண்ணாடியுமாக, விரல்களை உதறிக்கொண்டு வந்தவரை ஸ்டெல்லா கைகாட்டினார்.