டிரெய்லர்கள் வழிவிட்ட வெள்ளிக்கிழமை

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருவொற்றியூரில் நடந்தது இது.

என் மகள் அப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். பள்ளியில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அவளையும் சேர்த்து ஆறு பெண்களுக்குக் கிடைத்தது. சைக்கிள் வந்துவிட்டது, ஓட்டத்தான் ரோடு இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரம் முழுக்க வரிசையாக நின்றுவிடும். மிச்ச இடத்தில் மற்ற டிரெய்லர்கள் ஓடும். இதில் சைக்கிள் எங்கே போவது? சைக்கிளுக்குத் தனிப் பாதை வரப்போகிறது என்று ஒவ்வொரு வார்டு கூட்டத்திலும் சொல்கிறார்கள். நாங்களும் சளைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ரோட்டின் லட்சணம் அவருக்கு அத்துப்படி. நம் பெண்ணுக்கு வேண்டாம், ஊரில் தம்பி மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து சைக்கிளை எடுத்துப் போவதாகப் பேச்சு. மகள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் போய், தனியாகப் போனால்தானே பயம், எல்லாரும் சேர்ந்து போகட்டும், முன்னால் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரிய வீராங்கனை மாதிரி சொன்னேனே தவிர, சைக்கிள் மிதித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் வாங்கினேன். கணவரிடம் மூச்சு விடவில்லை.

புது வண்டியை அப்படியே ரோட்டில் இறக்க முடியுமா? முதலில் தெருமுனை அம்மன் கோயிலில் நிறுத்தினோம். பூசாரி ஒவ்வொரு வண்டிக்கும் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். ஆடி வெள்ளி விரதம் என்பதால் நான் மஞ்சள் புடவையில் இருந்தேன், நெற்றி நிறைய குங்குமம் வேறு.

மெயின் ரோடு வரை நன்றாகவே போனோம். பள்ளிக்குப் போக அங்கே ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். நின்றிருந்த லாரிகளின் இடுக்கிலிருந்து நான் வெளியே வந்ததும், எதிரில் மலை மாதிரி ஒரு டிரெய்லர். பின்னால் பிள்ளைகள் பயத்தில் விடாமல் பெல் அடிக்கிறார்கள். எனக்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நடு ரோட்டில் காலை ஊன்றி நின்றுவிட்டேன். செத்தோம் என்றே நினைத்தேன்.

புஸ்ஸென்று பிரேக் பிடித்து வண்டி நின்றது. திட்டு விழப்போகிறது என்று தலை குனிந்தேன். விழவில்லை. நிமிர்ந்தால், டிரைவர் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். கிளீனர் செருப்பை உதறிவிட்டுக் குதித்தார், தலையில் கட்டியிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி, வருகிற வண்டிகளையெல்லாம் கை நீட்டி மடக்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோடே நின்றுபோனது. ஒரு ஹார்ன் சத்தம் இல்லை.

கிளீனர் என்னிடம் வந்து பவ்யமாகக் கேட்டார்: "இன்னா கோயில்மா? கூழ் ஊத்தறீங்களா, தீமிதியா?"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். வாயில் பொய் வரவில்லை. "கோயில் இல்லபா. பொண்ணுங்க இஸ்கூலுக்குப் போதுங்க" என்றேன்.

அவர் பிள்ளைகளின் சீருடையைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அதான் நிப்பாட்டியாச்சே. சீக்கிரம் போங்கமா, பெல் அட்ச்சிடப் போறாங்க" என்றார்.

ஆறு பிள்ளைகளும் வரிசையாக, அந்த அகலமான ரோட்டில், யாரும் துரத்தாமல் நிதானமாகக் கடந்தார்கள். என் மகள் போன தோரணையைப் பார்க்க வேண்டுமே, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சாயந்திரம் கணவர் எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைந்தார். "காலீல ஏதோ சாமி ஊர்வலமாம், ரோட்டையே மடக்கிட்டானுங்க. சவாரிய வச்சிகினு ஒரே பேஜாரு." மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது. சைக்கிளிடம் போய் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார்: "இனிமே டெய்லி அதே டைம்தானா? சொல்லிடு, நான் வேற ரோட்ல போய்க்கிறேன்."

தம்பிக்கு அன்றே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தனிப் பாதை இன்னும் வரவில்லை. எல்லா டிரைவரும் நிற்பதும் இல்லை. பிள்ளைகள் சேர்ந்தேதான் போகிறார்கள், நானும் ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சைக்கிளுக்கெல்லாம் இந்த ரோட்டில் இடம் கொடுக்க முடியாது என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அதே ரோடு எங்கள் பிள்ளைகளுக்காக ஒருமுறை முழுசாக நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான் என்று எழுந்து நின்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது.