சீசன் நன்றாக இருந்த வருஷம்

“ஜூலையில் குடும்பத்தோடு குற்றாலம் போகலாம் என்றிருக்கிறோம். சார் போயிருக்கிறீர்களா?” என்று எதிர்வீட்டுக்காரர் போன வாரம் லிஃப்டில் கேட்டார். அந்தப் பக்கம் போயிருக்கிறேன், இரண்டு முறை. இரண்டு முறையும் அருவியில் தலை நனையவில்லை. ஏன் என்று கேட்டார். நான்காவது மாடி வருவதற்குள் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். போக நினைக்கிற மற்றவர்களுக்கும் உபயோகப்படும். விலையெல்லாம் அந்தக் காலத்து விலை, யாரும் இதை வைத்து லாட்ஜ்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயது. சுரங்கத்துக்கும் குவாரிக்கும் மெஷின் வாங்கக் கடன் கொடுக்கிற ஒரு சென்னைக் கம்பெனியில் வக்கீலாக இருந்தேன். கோர்ட்டில் மேசையைத் தட்டி முழங்குகிற வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரம் எழுதுகிற வக்கீல். மெஷின் கடன்காரரிடம் ஓடிக்கொண்டிருக்கும், கடன் தீரும்வரை பிடி எங்களிடம் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் லாரி வைத்து ஏற்றி வரலாம். அந்த வரியை எழுதுகிறவனும் நான்தான், தவறிய இடத்துக்குப் போய்ப் பார்த்து வருகிறவனும் நான்தான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஓய்வு பெறும்வரை நான் மத்தளமாகவே இருந்தேன்.

இலத்தூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் குவாரி வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி, அந்த வருஷம் ஜனவரியில் எங்களிடம் கடன் வாங்கி ஒரு கம்ப்ரசர் வாங்கினார். பாறையில் வெடிக்குத் துளை போடுகிற டிரில்லரைக் காற்றால் ஓட்டுகிற மெஷின் அது. கையெழுத்துப் போடச் சென்னைக்கு வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். “ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசத்த மட்டும் விட்ருங்க. சீசன்ல எங்க குழில தண்ணி நிக்கும். மத்த மாசத்துல கூடுதலாப் போட்டு வாங்கிக்கிடுங்க.” எங்கள் மேலாளர் சிரித்துவிட்டார். சென்னையில் ஜூன் மாதம் தார் ரோடு உருகும். அவருக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஐயா, தென்காசிப் பக்கம் மழை வேறு மாதிரி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நீ வக்கீலா, பஞ்சாங்கம் பார்க்கிறவனா என்று கேட்டார். எல்லாக் கடனுக்கும் ஒரே அச்சு, மாதாமாதம் தவணை. அண்ணாச்சி பத்திரத்தில் இருந்த தவணைத் தேதிகளை விரல்விட்டு எண்ணினார். “சுமாரான சீசனா வந்தாச் சமாளிச்சிருவேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சீசன் சுமாராக வரவில்லை. ஜூன் தவணை வரவில்லை, ஜூலைத் தவணையும் வரவில்லை. என்னை அனுப்பினார்கள்.

எழும்பூரில் மாலை கொல்லம் மெயில் ஏறினேன். கம்பெனி செலவு என்பதால் இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் போனால் பதினைந்து ரூபாய்க்குள் முடியும். ஜன்னலோரம் உட்காராதீர்கள் என்று அன்றைக்கு எழுதியிருப்பேன், கரித்தூள் கண்ணில் விழும். ராஜபாளையம் வரை வெயில் கொளுத்தியது. கடையநல்லூரை நெருங்கும்போது மேற்கே மலை முழுக்க மேகம், ஜன்னல் வழியாக ஈரக் காற்று. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் “ஆகா” என்றார்கள். நான் பையிலிருந்து பத்திரத்தை எடுத்துத் தவறிய தேதிகளைப் பார்த்தேன்.

தென்காசியில் இறங்கும்போது காலை மணி பத்தரை. சாரல் பூவாகத் தூறிக்கொண்டிருந்தது. பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வேலையைப் பார்க்கலாம் என்று நடந்தேன். இப்போது நிமிர்ந்து நிற்கிற கோபுரம் அன்றைக்கு இல்லை; இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்றது. அதன் வாசலில் அடித்த காற்றில் குடை திரும்பிக்கொண்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நம்பாதவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். உள்ளே போய் மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த ஊரில் அன்று அப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டாக்சி, இலத்தூர் போய்க் காத்திருந்து திரும்ப, பன்னிரண்டு ரூபாய். தூரம் ஐந்து மைல்தான். பத்துக்கு முடித்திருக்கலாம், எனக்குப் பேரம் வராது. டிரைவர் பெயர் செல்லையா.

“சீசன் பிச்சு உதறுது சார்வாள்! ஐந்தருவில அஞ்சும் ஒண்ணாச் சேந்து கொட்டுது. நீங்க குளிக்க வந்தியளா, இல்ல வேற சோலியா?”

“குவாரி பார்க்க வந்தேன்.”

“சீசனுக்கு வந்துட்டு யாராவது கல்லப் பாப்பாகளா?” என்று சிரித்தான். வழி நெடுகத் தண்ணீர். வாய்க்கால் வழிந்தது, வயல்களில் கார்ப் பருவ நடவு நடந்தது, இலத்தூர்க் குளம் கரை தளும்ப நின்றது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய் எழுதியவன் ஆவேன்.

குவாரி குளத்துக்குப் பின்புறம். குவாரி என்று எங்கே இருந்தது? அதுவும் ஒரு குளமாக இருந்தது. கரையில் பனை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடி, கம்ப்ரசர் மட்டும் நின்றது. எங்கள் கம்பெனியின் பித்தளைத் தகட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

“வாங்க வக்கீல் சார். ரயில்ல தூக்கம் உண்டுமா? மொதல்ல காப்பி குடிங்க.”

மோட்டார் வைத்து இறைக்க முடியாதா என்று கேட்டேன்.

“இந்தக் குழிய எறைக்கணும்னா அந்தக் குளத்த எறைக்கணும். ராத்திரி பூரா எறைச்சாலும் காலைல அதே மட்டத்துக்கு வந்து நிக்கும். எறைக்குத தண்ணி எங்கன போகும்னு நெனைக்கிய? என் வீட்டுக்காரி வயலுக்குத்தான்.” கையை நீட்டிக் காட்டினார். குளத்துக்குக் கீழே, அவர் மனைவி பேச்சியம்மாளின் தாய்வீட்டு வயல். அந்த அம்மாள் நடவு ஆட்களோடு குனிந்து நின்றிருந்தாள். “இந்தக் குளம் நெறஞ்சா அவ சிரிப்பா. வத்தினா நான் சிரிப்பேன். ஒரே பானைல பொங்குத சோறு, பாத்துக்கிடுங்க.”

அவர் கேட்டது அக்டோபர்வரை அவகாசம். குழி வற்றினால் அடுத்த நாளே வேலை தொடங்கிவிடும், கல் வாங்கச் சுண்ணாம்புச் சூளைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். மெஷின் போய்விட்டால் கையுளியும் சம்மட்டியும்தான். அதை வைத்துக்கொண்டு கடனும் அடையாது, வீடும் நடக்காது. எல்லாம் உண்மை, என் கண்முன்னால் கிடந்தது. நான் பேசுகிறேன், நிச்சயம் பேசுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தென்காசித் தபாலாபீசில் சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். ஒன்றே காலுக்குக் கிடைத்தது. ஒரு கையால் மறு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்: குழியில் தண்ணீர் நிற்கிறது, மெஷின் பத்திரமாக இருக்கிறது, ஆள் யோக்கியர், மூன்று மாதம் பொறுத்தால் முழுப்பணமும் வரும்.

“தண்ணீருக்கா நாம் கடன் கொடுத்தோம்?” என்றார் மேலாளர். “ஒருத்தருக்கு விட்டால் ஊருக்கே விட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து நாளைக்கு லாரி வரும், ஏற்றிவிட்டு வா.” நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் குறுக்கே கேட்டார்: “அங்கே சீசன் ரொம்ப நன்றாக இருக்கிறதாமே? வரும்போது மங்குஸ்தான் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வா.”

போனை வைத்துவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்தேன். என்ன படித்து என்ன? யாரை நிறுத்த முடிந்தது? எதிரே ஒரு பஸ்ஸிலிருந்து தோளில் துண்டோடு ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நியாயமும் கிடையாது.

லாரி சொன்னபடி வந்தது. அண்ணாச்சியே தார்ப்பாயை அவிழ்த்தார், அவரே ஆட்களுக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். “பையத் தூக்குங்கலே, பைய. அடில ஹோசு கெடக்கு, நசுங்கிராம.” கடைசியில் துண்டால் தகட்டைத் துடைத்துக் குங்குமத்தை எடுத்துவிட்டார். சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் வயலிலிருந்து வந்தாள். முழங்கால்வரை சேறு. லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தண்ணி வேணும்னு குத்தாலநாதர்ட்ட கும்பிட்டவ நாந்தான்யா. அளவாக் குடு சாமின்னு கேக்கத் தெரியாமப் போச்சே எனக்கு.”

“சவத்த விடு ஏட்டி. நீ கும்பிட்டுத்தான் மேகம் வந்துச்சாக்கும்?” என்றார் அண்ணாச்சி. நான் லாரிக்காரரின் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை செல்லையா விடவில்லை. வந்துட்டுக் குளிக்காமப் போனா ஊருக்கே அவமானம் என்று மூன்று மைல் ஓட்டிக் குற்றாலத்தில் கொண்டுபோய் விட்டான். முக்கால் ரூபாய் கொடுத்தால் நல்லெண்ணெய் தேய்த்து, உடம்பை முறுக்கிப் பிழிந்துவிடுகிறார்கள். அது மட்டும் சுகம்தான். பேரருவிக்கு வரிசையில் நின்றேன். இரைச்சல், புகை மாதிரி நீர்த்துளி, தண்ணீருக்குள் நின்று எல்லாரும் சந்தோஷத்தில் கத்துகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் ஆறாகி, வாய்க்காலாகி, குளமாகி அந்தக் குழிக்குள் போகிறது என்று தோன்றிவிட்டது. என்னால் முடியவில்லை. எண்ணெய்த் தலையோடு லாட்ஜுக்குத் திரும்பி, குழாயடியில் சீயக்காய் போட்டுக் குளித்தேன். லாட்ஜ் வாடகை நாலு ரூபாய். சீசன் இல்லாதபோது ஒன்றரை. மங்குஸ்தான் வாங்கினேனா என்று கேட்காதீர்கள். வாங்கினேன்.

அடுத்த வருஷம் கொல்லம் பக்கம் இன்னொரு கடன் விஷயமாகப் போக வேண்டியிருந்தது. அதே ரயில், அதே ஜூலைக் கடைசி. கடையநல்லூர் வந்தது, ஜன்னலில் அனல்தான் அடித்தது. மலை மொட்டையாக, வெள்ளையாகத் தெரிந்தது. பெட்டியில் ஒருவர், “சீசன் பொய்ச்சுப் போச்சு. அருவில நூல் மாதிரி வடியுது” என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மட்டும், அண்ணாச்சியின் குழி வற்றியிருக்குமே என்று தோன்றியது. தென்காசியில் இறங்கிவிட்டேன்.

குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழியில் ஒரு சொட்டு இல்லை. பாறை வெயிலில் பளபளவென்று, துளை போட்டுக்கொள் என்று நின்றது. போடத்தான் மெஷின் இல்லை. அது சென்னையில் எங்கள் கிடங்கில், ஏலம் கேட்க ஆளில்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. போன மாதம்தான் நான் பார்த்திருந்தேன். குழிக்குள்ளே அண்ணாச்சி உளியைப் பிடித்திருக்க, பேச்சியம்மாள் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தாள். வயலில் நடவு இல்லையே, அவளுக்கும் வேறு என்ன வேலை?

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, நிழலில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். மெஷினைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன்.

“முன்னெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் இந்தக் குளத்த வச்சுத் தெனமும் சண்டை வக்கீல் சார். இந்த வருசம் ஒரு சண்டையும் கெடையாது” என்றார்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமல் சம்மட்டியை ஓங்கினாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அதே வேலையில் இருந்தேன். எத்தனையோ தவணை அட்டவணை எழுதினேன். ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊர் மழை மாதத்தைக் கேட்டுக் குறித்து அனுப்புவேன், ஒவ்வொரு முறையும் மேலிடத்தில் அதை அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். மாற்றிவிட்டேன் என்று ஒரு நல்ல முடிவு எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. உருப்படியாக ஒன்றும் செய்யாமலே ஒரு ஆயுசு முடிகிறது.

எதிர்வீட்டுக்காரரே, போய் வாருங்கள். ஜூலைதான் சரி. சனி ஞாயிறு வேண்டாம், கூட்டம் நெரியும். மாற்றுத்துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், குரங்கு இருக்கும் இடத்தில் பழப்பையைத் திறக்காதீர்கள், வழுக்குப் பாறையில் செருப்பு உதவாது. கிளம்புவதற்கு முந்தின நாள் லாட்ஜுக்குப் போன் செய்து அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் கேட்பதில்லை, எந்தப் பதில் வந்தால் சந்தோஷப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.