அவளுக்காகப் போட்ட சீமெந்து

பேப்பரில் அவளுடைய படம் வந்தால் அதில் கருவாட்டைச் சுற்றி வைத்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலை பார்ப்பேன். பொறாமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இத்தாலியில் பணக்காரப் பெண்களுக்குச் சப்பாத்து வடிவமைத்தவள், பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கி முன்னுக்கு வந்தவள், போர் முடிந்ததும் பிறந்த மண்ணைத் தேடி வந்து ஏழைப் பெண்களுக்கு வாழ்வு கொடுத்த வள்ளல் என்று படத்துக்குக் கீழே எழுதியிருப்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைப் பற்றி என்னிடம் யாரும் வந்து கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவளும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். முசலிப் பக்கம், கடலோரம் எங்கள் ஊர். அவளுடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் ஒரே கரைவலையை இழுத்தார்கள். அவளுக்குக் கணக்கு ஓடாது. கணக்குக் கொப்பி முழுக்கக் கால் கீறி வைத்திருப்பாள். சிஸ்டரின் கால், எனது கால், பூசை வைக்க வந்த சுவாமியின் கால். பார்த்தவுடனேயே யாருடைய கால் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அச்சாக இருக்கும். சிஸ்டர் அடிமட்டத்தால் அடிக்க அடிக்க அவள் கீறிக்கொண்டுதான் இருந்தாள்.

போர் எங்களைத் திக்குக்கொருவராகத் துரத்தியது. அவள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அக்காவிடம் இத்தாலிக்குப் போனாள். நான் கலியாணம் முடித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மடுக் கோயிலுக்கு ஓடி, பிறகு தாழ்வுபாட்டில் ஒரு சொந்தக்காரரின் வளவில் கொட்டில் போட்டு இருந்தேன். அவள் இத்தாலியில் ஒரு சப்பாத்துப் பட்டறையில் நிலம் கூட்டத்தான் சேர்ந்தாளாம். கூட்டிய தோல் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டி ஒட்டி ஒரு சோடி செய்து முதலாளியின் மேசையில் வைத்தாளாம். அந்த மனுசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்குமாற்றைப் பறித்து எறிந்தாராம். பிறகு நடந்ததெல்லாம் ஏறுமுகம்தான். நடிகைகளும் மணப்பெண்களும் அவள் வடிவமைத்த சப்பாத்தைப் போட்டு நடந்தார்கள். சொந்தப் பெயரில் கடை வந்தது. பொய்யில்லை, கெட்டிக்காரி.

போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் ஊரைச் சுற்றி வேலி இருந்தது. உள்ளே படை முகாம். கொஞ்ச நாளைக்கு வெளியே இருங்கள், பார்ப்போம் என்றார்கள். பற்றைக்காட்டை வெட்டிக் கொட்டில் போட்டு இருந்தோம். கொஞ்ச நாள் வருசங்களாகியது. மாதா கோயில் திருநாளுக்கு மட்டும் உள்ளே விடுவார்கள். பூசை முடிந்த கையோடு மந்தையைச் சாய்ப்பதுபோல வெளியே சாய்த்துவிடுவார்கள். கோயிலுக்கு அப்பால் ஒரு அடி வைக்க விடமாட்டார்கள். எங்கள் வளவும் கிணறும் கோயிலில் இருந்து கூப்பிடு தூரம்தான். எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

அந்தக் காட்டில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் சீமெந்து போடக்கூடாது. தென்னம்பிள்ளை வைக்கக்கூடாது. அந்த இடத்துக்குப் பெயரும் வைக்கக்கூடாது. ஒருவர் ஒரு கல்லை வைத்துக் கட்டினாலும், இவர்கள் இங்கேயே குடியேறிவிட்டார்கள், இனி ஊர் எதற்கு என்று அரசாங்கக் கந்தோரில் எழுதிவிடுவார்கள் என்பது எங்கள் பயம். வீட்டுத்திட்டம் என்று லொறியில் வந்த சீமெந்தை அப்படியே திருப்பி அனுப்பினோம். கக்கூசுக்குக்கூடத் தென்னோலைக் கிடுகுதான். எங்கள் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் கொட்டில் கொட்டிலாகப் போய் நிலத்தைக் காலால் தட்டிப் பார்ப்பார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போதும், "என்ன பிள்ளை, மாளிகை கட்டுறியளோ?" என்று கத்துவார். என் புருசனுக்கு அதில் அவரைவிடப் பிடிவாதம். புருசனின் கரைவலைப் பாடு ஊருக்குள் இருந்தது. பாடு என்பது வலை வளைக்கிற கரைத்துண்டு. தகப்பன் வழியில் வருவது. ஊர் இல்லையென்றால் பாடும் இல்லை. பாடு இல்லாதவன் மற்றவனின் வலையில் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

அந்தக் காட்டுக்குத்தான் ஒருநாள் அவள் வான் வண்டியில் வந்து இறங்கினாள். குதி உயர்ந்த சப்பாத்து மணலில் புதைய, அதைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "எடி, இதென்னடி கோலம்? கருவாடாக் காஞ்சு போனாய்" என்று அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதுதான் எனக்கு ஆற்றாத எரிச்சல்.

இங்கே ஒரு பட்டறை போடப்போகிறேன் என்றாள். தோல் இத்தாலியில் இருந்து வரும். சப்பாத்தின் மேற்பாகத்தை நாங்கள் கையால் தைக்க வேண்டும். அடிப்பாகம் அங்கே போய்ப் பூட்டப்படும். கிழிந்த வலை பொத்திய கைகளுக்கு ஊசி புதிதா? கொஞ்ச நாளில் பிடித்துக்கொண்டோம். என்ன சிரிப்பு அந்த நாட்களில்! ஒருத்தி ஒரு மாதிரிச் சோடியைப் போட்டு நடந்துபார்த்து, கொட்டில் கப்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தாள். "யேசு மரி சூசை, இதைப் போட்டுக்கொண்டு அங்க பெண்டுகள் நடக்கினமோ, பறக்கினமோ?" என்று கேட்டாள். என் சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களோடு நிலத்தில் இருந்து சோறு தின்றாள். பிழையாகத் தைத்தால் கோபிக்காமல் பிரித்துத் தானே தைத்துக் காட்டுவாள். மற்றவர்கள் மிஸ் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அவள் எடிதான்.

தெற்கே இருந்து சோழகக் காற்று தொடங்கியதும் வில்லங்கம் வந்தது. காட்டு மணல் கிளம்பித் தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் போய் இருந்துகொண்டது. ஒரு குறுணி மணல் போதும், போடுகிறவரின் காலில் முள் மாதிரிக் குத்தும். அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. படங்கு விரித்தோம், ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம், ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஒருநாள் அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "சீமெந்துத் தரை போட்டுச் சுவர் எழுப்பாட்டி நான் இதை மூடத்தான் வேணுமடி" என்றாள்.

பூசை முடிந்து சனம் எல்லாம் மரத்தடியில் கூடியது. சம்மாட்டியார் எழும்பி நின்றார்.

"சப்பாத்துக்காக ஊரை விக்கச் சொல்லுறியளோ?"

"ஆரும் ஒண்டையும் விக்கேல்லை. பட்டறைக்கு மட்டும்தானே" என்றேன் நான்.

"பட்டறைக்குப் போட்டா என்ன, படுக்கப் போட்டா என்ன, சீமெந்து சீமெந்துதான் பிள்ளை. வாற மனுசன் தரையைப் பாப்பானே, உங்கட மனசைப் பாப்பானே?"

அப்போது அவள் எழும்பி, கொட்டில்களுக்கு நடுவில் நாங்கள் போட்டிருந்த கிடுகுக் கோயிலுக்குள் போனாள். மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். "மாதாவாணை, இது வேலைக்கு மட்டும்தான். ஆர் கேட்டாலும் எங்கட ஊர் அங்கதான் இருக்கெண்டு முன்னுக்கு நிண்டு சொல்லுவன்" என்றாள். எங்கள் சனத்தில் மாதாவின் பெயரில் சொன்ன சத்தியத்தை யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. ஆனாலும் எல்லோரும் சம்மாட்டியாரைத்தான் பார்த்தார்கள். நான்தான் எழும்பினேன். அவள் எங்கட பிள்ளை, அவளுக்கு நான் பொறுப்பு என்றேன். என் புருசன் என்னை ஒரு பார்வை பார்த்தார். சம்மாட்டியார் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்; சில குடும்பங்களும் அவர் பின்னால் போயின, கடைசிவரை பட்டறைப் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் என் முகத்துக்காகத்தான் தலையாட்டினார்கள்.

நாங்களே சல்லிக்கல் சுமந்தோம், நாங்களே தண்ணீர் ஊற்றினோம். தரை காய்ந்த அன்றைக்குப் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள். அத்தனை வருசமும் மணலில் நடந்த காலுக்கு அந்தக் குளிர்ச்சி நன்றாகத்தான் இருந்தது.

திறப்பு விழா என்று பந்தல் போட்டாள். இத்தாலியில் இருந்து வெள்ளைக்காரர் வந்தார்கள். கொழும்பில் இருந்து பெரியவர்களும், முகாமில் இருந்து அதிகாரிகளும் வந்து முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். முகாம்காரரைக் கண்டதும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பாள், இன்றைக்கு அவர்களின் முகத்துக்கு நேரே கேட்கப்போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் குசுகுசுத்தேன். வாசலில் துணி மூடிய ஒரு பலகை நின்றது. துணியை இழுத்தார்கள். நாங்கள் பெயர் வைக்காமல் விட்ட காட்டுக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அழகான பெயர்தான். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

பிறகு மேடையில் ஏறினாள். அவள் இங்கிலிசில் பேசியிருந்தால் எனக்கு விளங்காமலாவது போயிருக்கும். தமிழில்தான் பேசினாள். "இழந்ததை நினைத்து இந்தப் பெண்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. தங்கள் கையால் கல் சுமந்து இந்த இடத்தைத் தங்கள் ஊராக ஆக்கிக்கொண்டார்கள். இதுதான் இனி இவர்களின் ஊர்" என்றாள். முன்வரிசை எழும்பிக் கைதட்டியது. எங்கள் சனம் கைதட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே அவளைப் பிடித்து நாலு கேட்டிருக்க வேண்டும். சுற்றிவர வெள்ளைக்காரரும் கமராவும். மேடைக்காகச் சொல்லியிருப்பாள், அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கும் என்று வீட்டில் புருசனிடம் வக்காலத்து வேறு வாங்கினேன். அவர் பீடியைப் பற்றவைத்தார்.

சில மாதம் கழித்து ஊரில் ஒரு பக்கத்துக் காணிகளை விடுகிறார்கள் என்று கதை வந்தது. வெடி கொளுத்தாத குறை. கந்தோரில் கூட்டம் வைத்தார்கள். நாங்களும் வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு போனோம். அங்கே வைத்துத்தான் சொன்னார்கள், ஒன்றும் இல்லாமல் கொட்டிலில் இருக்கிறவர்களுக்கு முதலில் என்று. பட்டறைக் குடும்பங்களுக்கு நிரந்தரக் கட்டடம் இருக்கிறது, தொழில் இருக்கிறது, ஊர்ப் பெயர்கூட இருக்கிறது, ஆகவே நீங்கள் மீள்குடியேறியவர்கள். "உங்கட மிஸ்தானே மேடையில சொன்னவ" என்றார் அதிகாரி. அதில் கிண்டல் இல்லை. நன்மை செய்கிற நினைப்பில்தான் சொன்னார்.

சம்மாட்டியாரும் அவரோடு நின்றவர்களும் போனார்கள். போகிற அன்று அவர் எங்கள் கொட்டில் படலையில் நின்று, "வாறன் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் புருசன் அதற்குப் பிறகு கொண்டச்சிப் பக்கம் கூலிக்கு வலை இழுக்கப் போகத் தொடங்கினார்.

நான் பஸ் ஏறித் தாழ்வுபாட்டுக்குப் போனேன். அவள் அங்கே கடலைப் பார்த்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தாள். வழி முழுக்க அவளுக்குக் கொடுக்க வேண்டிய கிழியையும் வசவையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் கீறிக்கொண்டிருந்த கடதாசியை ஒதுக்கிவிட்டு, "வாடி, இரடி" என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ஏன்டி அப்பிடிச் சொன்னனீ?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "பெரிய ஃபக்டரிக்குக் காணி வேணுமடி. காணி தாறவையை முன்னுக்கு இருத்தி வச்சுக்கொண்டு, இது இந்தச் சனத்தின்ர ஊரில்லை எண்டு சொல்லேலுமே? நீயே சொல்லு."

"மாதாவாணை எண்டு சொன்னனீ."

"சொன்னனான்தான். அண்டைக்கு அது மனசறியச் சொன்னது." ஒதுக்கிய கடதாசியை எடுத்துச் சுருட்டினாள். "எடி, எத்தினை பேருக்கு வேலை வரும் தெரியுமே? உன்ர மகளுக்கும் வரும். அந்த ஊரை விட்டுத் துலை. அங்க ஒண்டும் இல்லை. நான் பாத்தனான்."

"எப்ப பாத்தனீ?"

"திறப்பு விழாவுக்கு முதல். முகாம்காரர்தான் ஜீப்பில கூட்டிக்கொண்டு போய் முழுக்கச் சுத்திக் காட்டினவை. உன்ர வளவுக்கும் போனனான். வீடு இல்லையடி, அத்திவாரம்தான் கிடக்கு. கிணறு மட்டும் அப்பிடியே இருக்கு. வெயில் எண்டு தண்ணி அள்ளித் தந்தவை, குடிச்சனான்."

பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்த வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கிணறு என் கலியாணத்துக்கு என் அப்பா வெட்டித் தந்தது. வேலிக்கு வெளியே நின்று எத்தனை வருசம் அதை நினைத்து ஏங்கியிருப்பேன். நாசமாய்ப் போவாள், நான் கால் வைக்க முடியாத என் வளவில் விருந்தாளியாக நின்று என் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்கிறாள். எழும்பி அவள் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. ஆனால் என் வாயில் வேறு கேள்விதான் வந்தது. திரும்பிப் போனவர்களிடம் கேட்க எனக்கு முகம் இல்லை; அதைக் கேட்பதற்கு உலகத்தில் எனக்கு அவளைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை.

"தண்ணி எப்பிடியடி இருந்தது?"

"நல்ல தண்ணியடி" என்றாள். "ஒரு சொட்டு உவர் இல்லை."