உங்கள் அம்மாவின் சேலையை ஆற்றில் விட்டது நான்

பிள்ளைகளா, உங்கள் அம்மா ஆற்று வேலையை விட்டதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று போனில் உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். அது பொய். முழங்காலில் அடிபட்டது உண்மைதான், ஆனால் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நடந்ததை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. பத்தாம் வகுப்பு வரை படித்தவன், எழுத வரும், அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதல் கோபம் என் மேல். எனக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அம்மா செய்த வேலை உங்களுக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தோஷம் கழிக்க வருகிறவர்கள் நம் ஊருக்கு மேற்கே உள்ள படித்துறையில் முங்கிக் குளித்து, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போவார்கள். திரும்பிப் பார்த்தால் விட்ட பீடை கூடவே வந்துவிடுமாம். ஆறு அந்தத் துணியை எங்கே கொண்டுபோகும்? பத்தடி தள்ளிப் பாறையில் சுற்றிக்கொண்டு கிடந்து நாறும். அதை எடுக்க, படித்துறைத் துணியைக் குத்தகைக்கு எடுத்தவர் வைத்திருந்த ஐந்து பெண்களில் உங்கள் அம்மாவும் ஒருத்தி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரும்புக் கொக்கி மாட்டிய துறட்டிக் கம்பால் இழுத்து எடுப்பார்கள்.

ஊரே ஆற்றைத் தாய் என்கிறது. உங்கள் அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. காலையில் இறங்கும்போது தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், ஒரு துணுக்கு மஞ்சளைக் கிள்ளிப் போடுவாள். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு இவளுக்கு என்னமோ கோவம், நிக்க விடல" என்பாள். கூட வேலை பார்க்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்வது மாதிரிதான் இருக்கும்.

போன வருஷம் நமக்கு நேரம் சரியில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மகளே, உனக்குப் பேசிவைத்த சம்பந்தம் நின்றுபோனது. மகனே, நீ இரண்டாவது தடவையும் தேர்வில் தவறினாய். நான் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். திருநெல்வேலி டவுணில் ஒரு துணிக்கடைக்கு மாடியில் இருக்கிற ஜோசியரிடம் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டம்மா என்ன வேல பாக்காவ?" என்று கேட்டார். சொன்னேன்.

"அதான பாத்தேன்! ஊரான் விட்ட பீடையெல்லாம் அவுக தொட்டு எடுக்காவ. அது சும்மா இருக்குமா அண்ணாச்சி? அவுக மேல ஏறி வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. அவுக நல்ல நாளுக்கு உடுத்துன சேல ஒண்ண உம்ம துணியோட சேத்து ஆத்துல விட்டுரும்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்கிறவளிடம் பீடை இருக்கிறது, அதைக் கழிக்க ஆற்றில் இன்னொரு துணியைப் போடு என்கிறார். நான் தலையை ஆட்டினேன். அதோடு, இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், இருக்கும், அவளால்தான் இருக்கும் என்று நான் நம்பவும் செய்தேன். உங்களைப் பெற்றவளை அப்படி நினைத்தேன்.

சனிக்கிழமை விடியற்காலையில், நம் பெட்டிக்கடைக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து அவள் சேலையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மகளே, உன் சடங்குக்கு அவள் உடுத்திய கிளிப்பச்சைச் சேலை. இஸ்திரிப் பெட்டி சுட்டு முந்தானையில் ஓட்டை விழுந்ததும், முன்பு வேலை பார்த்த மில்லில் இருந்து நான் கொண்டுவந்த சிவப்பு நூலில் அதன்மேல் ஒரு பூ தைத்திருந்தாளே, அதே சேலை. முங்கினேன், விட்டேன், திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மனசு லேசாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த லேசுதான் என்னை அறுக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். பெண்கள் தண்ணீரில் நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா பாருட்டி, எவனோ சட்டப்பையில பீடிக்கட்டோட பாவத்த விட்டுட்டுப் போயிருக்கான்!"

"பத்த வச்சுப் பாரு, எரியுதான்னு."

"நனஞ்ச பாவம் எங்கனட்டி எரியும்?"

உங்கள் அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் கம்பை இழுத்தாள். பாறை இடுக்கில் எதுவோ சிக்கி வரவில்லை. பலங்கொண்டு இழுத்ததும் ஒரு சேலை பாதி உருவிக்கொண்டு வந்து அவள் காலைச் சுற்றியது. முழங்கால் பாறையில் மோதித் தண்ணீருக்குள் விழுந்தாள். இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். சேலையை உதறியவள், முந்தானையில் இருந்த சிவப்புப் பூவைப் பார்த்தாள். பிறகு படியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"யக்கா, இது உன் சேலைல்லா? நீ கட்டிப் பாத்திருக்கேனே. இது எப்படி ஆத்துக்கு வந்துச்சு?" என்று தூக்கிவிட்டவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"காத்துல வந்துருச்சு போல" என்றாள் அம்மா.

காற்றில் எத்தனை மைல் வரும் ஒரு சேலை? எனக்காக அத்தனை பேர் முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள், யார் பேச்சைக் கேட்டு என் சேலையை ஆற்றில் விட்டீர்கள் என்று. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நாந்தான் பீட."

"நீ இல்ல பிள்ள. உன் மேல ஒட்டுனது..."

"ஊர்ப் பீடைய நான் எடுத்தேன். சரி. என் பீடைய எடுக்க யாரு வருவான்னு நெனச்சிய? நான்தான வரணும் அதுக்கும்?"

அவள் சேலையை அலசிக் கொடியில் போட்டாள்.

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. அந்த மாசமே ஆற்றுக்கு ஆரத்தி எடுக்க விழாக் கமிட்டி ஏற்பாடு செய்தது. கூட்டம் படியில் நெருக்காமல் இருக்கக் கயிறு பிடிக்கும் ஆட்களில் நானும் ஒருவன். மைக்கில் "தாயே, தாயே" என்று ஒரே சத்தம். அம்மாவும் கூட வேலை பார்க்கிற பெண்களும் குளித்து, பூ வைத்து வந்தார்கள். அவள் அந்தக் கிளிப்பச்சைச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள்.

கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். "துணி எடுக்குத பொம்பளைய எல்லாம் மேல நில்லுங்க. எழவுத் துணி, தீட்டுத் துணி எல்லாம் தொட்ட கை. ஆத்தா சன்னதி சுத்தமா இருக்கணும்லா."

"இந்தப் படிய நேத்து சுத்தம் பண்ணுனது எந்தக் கை அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

"உங்க கைதான், யாரு இல்லன்னா? அதுக்குத்தான் சொல்லுதேன், பைய மேல ஏறுங்க. அதுலயும் வீட்டு விலக்கா இருக்கவுக இந்தப் பக்கமே வரப்பிடாது."

"ஆத்தாளும் பொம்பளதான? அவளுக்கு எந்த மூணு நாளு லீவு விட்டிருக்கிய?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்து என் பக்கம் திரும்பினார். "வே, உம்ம வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போரும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கயிற்றைக் கீழே போடவில்லை. "மேல ஏறு பிள்ள, சனம் பாக்குது" என்றேன். அவள் ஏறினாள். ஆரத்தி முடிந்ததும் ஆற்றை அம்மா என்று அழைத்தவர்களில் பத்துப் பேராவது குளித்து, வேட்டியை அங்கேயே விட்டுப் போனார்கள். நான்தான் கயிற்றைத் தூக்கி வழி விட்டேன்.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவள் தலையில் எதை வேண்டுமானாலும் போடலாம். அழுக்கு, சாவு, நின்றுபோன சம்பந்தம், எல்லாம். வேண்டுமா என்று கேட்கவும் வேண்டாம். டவுணில் குழாயைத் திறந்தால் இந்தத் தண்ணீர்தான் வருகிறது, அதைக் குடித்துக்கொண்டே செய்கிறோம். போட்டதை எடுக்கிற பெண்ணுக்குத் தீட்டு. போட்டவனுக்குப் புண்ணியம். இதில் சாமி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து, விடியற்காலையில் ஒரு துணுக்கு மஞ்சளைக் கிள்ளிப் போட்டாளே உங்கள் அம்மா, அங்கேதான் இருந்தது. அதையும் நாங்கள் படியேறச் சொல்லிவிட்டோம்.

ஆரத்திக்கு மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. துறட்டிக் கம்பை என் சைக்கிள் பக்கத்தில் சாத்தி வைத்தாள்.

"ஆத்த விட்டுட்டேன்னு நெனைக்காதிய. அவகிட்ட போவேன், குளிப்பேன். நீங்க விடுத துணியத்தான் இனிம எடுக்க மாட்டேன்."

"நீங்க" என்று அவள் சொன்னது ஊரைத்தான் என்று கொஞ்ச நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

போன புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் விட்ட இடத்திலேயே இறங்கினேன். வாயில் "தாயே" என்று வந்தது, அடக்கிக்கொண்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. பாறை இடுக்கிலிருந்து ஒரு வேட்டி வந்தது, ஒரு சின்னப் பிள்ளையின் கவுன் வந்தது. பிறகு யார் வீட்டுப் பெண்ணுடையதோ, நிறம் போன ஒரு சேலை. நனைந்த சேலை அவ்வளவு கனக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிழிய இன்னொரு கை வேண்டும். அந்தப் பெண்கள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத்தான் பிழிவார்கள். நான் ஒரு முனையைப் படித்துறைக் கம்பியில் கட்டிவிட்டு, மறு முனையை, உடைந்து கூடிய மணிக்கட்டு வலிக்க வலிக்க, தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை முறுக்கினேன்.