வெள்ளைக் கோழி கொக்கரித்தது

போன சனிக்கிழமை காலை எங்கள் வளவில் இருந்தவர்கள்:

நான்.

என் மனைவி ராசாத்தி.

பக்கத்து வீட்டு ஹனீபா நானா. நானா என்றால் அண்ணன்.

ராசாத்தியின் தம்பி குணம். சல்லி என்கிற ஊரில் கல்யாணம் கட்டி அங்கேயே கடலுக்குப் போகிறவன். எங்களுக்கென்று இரண்டு பாரை மீன் கொண்டு வந்திருந்தான். கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் கதை சொல்வான்.

பிறகு கோழிகள். சேவலோடு சேர்த்துப் பதினேழு.

மாரி மழை வருகிறது. எங்கள் கோழிக்கூட்டின் தகரம் பாதி போய்விட்டது. மிச்சப் பாதிக்குக் கீழே பத்துத்தான் நனையாமல் நிற்கும். ஏழு போக வேண்டும். எது நிற்பது, எது போவது? அதைச் சொல்லத்தான் நானா வந்தார்.

கப்பல்துறையில் எங்கள் பக்கத்தில் யார் கோழி தெரிந்தெடுப்பதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளம் ஒரு பிளேன்ரீ, பால் விடாத தேநீர். அன்றைக்கு வரும்போதே அவசரம் என்றார். மறுநாள் கிண்ணியாவிலிருந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்களாம். வீட்டில் ஒரு புள்ளிக் கோழி இரண்டு மாதமாக முட்டை இடாமல் சும்மா தின்றுகொண்டு திரிகிறதாம். போய் அதைப் பிடித்துக் கட்ட வேண்டுமாம்.

நானா கோழியைக் கண்ணால் பார்ப்பதில்லை. கையால் பார்ப்பார். பிடித்து, கமுக்கட்டில் இடுக்கி, பின்பக்கம் விரலை வைப்பார். முட்டை வரும் வழிக்கு இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு உண்டு. அந்த இடைவெளியில் மூன்று விரல் போனால் இடுகிற கோழி. இரண்டு என்றால் யோசிக்கலாம். ஒன்று என்றால்... குசினியில் கறிச்சட்டிக்கு.

கால் மஞ்சள் வெளிறியிருந்தால் நல்லது. அந்த மஞ்சள் முட்டைக்குள் போய்விட்டது என்பார். கொண்டை சிவந்து சூடாக இருக்க வேண்டும். காலையில் கூட்டை விட்டு முதலில் இறங்குகிற கோழியை விடக் கூடாது. கடைசியாக இறங்குகிறதை வைத்திருக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது ராசாத்தி என்னைப் பார்த்தாள். நான் வேலியைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொன்னார். இறகு பளபளவென்று இருக்கிற கோழியை நம்பக் கூடாது. இடுகிற கோழிக்கு அழகு பார்க்க நேரமில்லை. இறகு உடைந்து, வால் பிய்ந்து, சந்தைக்குள் நெரிபட்டு வந்தது போல இருக்கும். அதுதான் கோழி.

சேவல் மூன்று இருந்தது. ஒன்று போதும். குணம் பெரியதைக் காட்டினான். நானா ஒரு பிடி அரிசியை எறிந்தார். இரண்டு சேவல் குனிந்த தலை நிமிராமல் தின்றன. மூன்றாவது நோஞ்சான். அது தின்னாமல் நின்று பேட்டுக் கோழிகளைக் கூப்பிட்டது. வேலை அதற்குத்தான் கிடைத்தது.

ராசாத்தி மறுபடியும் என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் பிளேன்ரீயைப் பார்த்தேன்.

போக வேண்டியதன் காலில் சிவப்புத் துணி. நானா ஆறு கட்டிவிட்டார். ஏழாவதாக வெள்ளையைப் பிடித்தார்.

வெள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரியாயிலிருந்து ராசாத்தியின் அம்மா தந்துவிட்ட கோழி. காட்போட் பெட்டிக்குள் பஸ்ஸில், ராசாத்தியின் மடியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமி போன் எடுப்பார். முதல் கேள்வி மகள் எப்படி என்பதில்லை. வெள்ளை இடுகிறதா என்பதுதான். ஓம், நல்லா இடுகிறது என்பாள் ராசாத்தி.

பொய்யில்லை. விறகுக் குவியலுக்குப் பின்னால் வெடித்த பிளாஸ்டிக் பேசின் ஒன்று கிடக்கிறது. வெள்ளை காலை முழுக்க அதில்தான் இருக்கும். பிறகு எழும்பிக் கொக்கரிக்கும். போய்ப் பார்த்தால் முட்டை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நானா விரலை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். சிவப்புத் துணியைத் தேடினார்.

“நானா, அதை விடுங்கோ. அது இடுற கோழி.”

“ஒரு விரல்தான் போகுது, தங்கச்சி.”

“உங்கட விரல் தடிப்பு.”

குணம் சிரித்தான். நானா சிரிக்கவில்லை. வெள்ளையை மெல்லக் கீழே விட்டார்.

“இது முட்டை இட்டா, இனி நான் ஒரு வீட்டிலயும் கோழி பிடிக்கமாட்டன்.”

பத்து, பத்தரைக்கு இடும், இருந்து பாருங்கள் என்றாள் ராசாத்தி. நாலு கதிரை போட்டோம். வெள்ளை போய்ப் பேசினில் ஏறி இருந்தது. ராசாத்தி கதிரையின் விளிம்பில் இருந்தாள். மறுநாள் ஞாயிறு. வெள்ளை கறியாகிவிட்டது என்று மாமியிடம் எந்த வாயால் சொல்வது?

பத்தேகாலுக்கு வேலியின் கீழே, நாய் தோண்டிய ஓட்டையால் ஒரு புள்ளிக் கோழி வந்தது. வால் பாதி இல்லை. கழுத்தில் இறகே இல்லை. அக்கம்பக்கத்துக் கோழிகள் எங்கள் வளவுக்குள் வருவதும் போவதும் வழக்கம்தான். யார் கவனிப்பது? அன்றைக்குக் கவனித்தோம். எங்கள் நாலு பேரையும் கடந்து, கந்தோர் வேலைக்கு நேரம் பிந்தியவள் போல, நேரே பேசினுக்குப் போனது.

வெள்ளை எழும்பியது. பஸ்ஸில் இடம் கொடுக்கிற மாதிரி இடம் கொடுத்தது.

புள்ளி இருந்தது. கொஞ்ச நேரம். எழும்பியது. ஒரு சத்தமில்லை. வந்த ஓட்டையால் போய்விட்டது.

வெள்ளை மறுபடி ஏறி இருந்தது. அரை நிமிடம்தான். எழும்பி, கழுத்தை நீட்டி — ஊருக்கே கேட்கக் கொக்கரித்தது.

குணம் போய் முட்டையை எடுத்துவந்து நானாவின் உள்ளங்கையில் வைத்தான். சூடு ஆறவில்லை.

“அந்தப் புள்ளி ஆர்ட கோழி, நானா?” குணம் தெரியாமல் கேட்கவில்லை.

“என்ட.” முட்டையைத் திருப்பிப் பார்த்து, “நாளைக்கு அறுக்க இருந்த” என்றார்.

“விரல் வைச்சுப் பார்க்கேல்லையோ?”

“வீட்டுக் கோழிய ஆரு பிடிச்சுப் பார்க்கிற?”

அதுதான் விஷயம். ஊர்க் கோழிக்கு விரல். சொந்தக் கோழிக்கு வெறுங்கூடை போதும். முட்டை இல்லையா? அறு.

நானாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. நான் லொறி ஓட்டினவன். றோட்டில் போகிற அடுத்தவன் லொறியின் சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு லூஸ் என்று சொல்வேன். எங்கள் கூட்டுத் தகரம் போய் இரண்டு மாரி ஆகிறது. உங்கள் வீட்டில் எது பழுதாகிக் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

சரி. நானாவின் விரல் சொன்னது சரி. ராசாத்தி சொன்னது பிழை. அப்படியென்றால் துணி வெள்ளையின் காலில்தானே ஏற வேண்டும்?

ராசாத்தி உள்ளே போனாள். இன்னொரு பிளேன்ரீயோடு வந்தாள். சீனி கூடப் போட்டிருந்தாள்.

“நானா, உங்கட கோழியிலயே பிழை விட்டிட்டீங்கள். இஞ்ச துணி கட்டின ஆறும் சரியெண்டு எப்பிடி நம்புறது?”

நானா கோப்பையைப் பார்த்தார். குடித்து முடித்தார். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகத் துணியை அவிழ்த்தார். கோழிகளைப் பிடித்துக் கொடுத்தது குணம்.

சம்பந்தி வீட்டாருக்கு, குணம் கொண்டுவந்த பாரையில் கறி. நல்லா இருந்ததாம். எங்களுக்கு முட்டைப் பொரியல்.

ஞாயிறு மாமி போன் எடுத்தார். அதே கேள்வி. ராசாத்தி என்னைப் பார்த்தாள். நான் எதையும் பார்க்கவில்லை.

“நல்லாக் கொக்கரிக்குது, அம்மா” என்றாள்.

திங்கள் காலை நானா புள்ளியைக் கையில் கொண்டுவந்தார். அது எங்கள் வளவைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறது, அங்கேயே இருக்கட்டும் என்றார். பின்னேரம் அதைத் தேடி அவருடைய சேவல் ஓட்டையால் வந்தது. திரும்பிப் போகவில்லை.

செவ்வாய் முதல் மழை. எல்லாம் ஓடிவந்து பாதித் தகரத்துக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. நான் குடையோடு போய் எண்ணினேன்.

பத்தொன்பது.